பதினேழு சொட்டு

எட்டுப் பெட்டி விமானத்தில் வந்தது.
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு:
ஜெரானியம். தரைமூடி. கடுங்குளிர் தாங்கும்.
கடுங்குளிர்!
சோஹாரின் ஜனவரிக் காலைக்கே,
பதினாறு டிகிரிக்கே,
மங்கிக் குல்லாய் தேடுகிறோம் நாங்கள்.

ஷம்ஸா டாக்டர் படித்த ஊரில்
நனைந்த மதிலடியெல்லாம் இந்த நீலம்தானாம்.
கைப்பேசியில் படம் காட்டினார்.
"இங்கே வராது, டாக்டர்."
"வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?"
இல்லை என்பதுதான் உண்மை.

முதலில் இது அதுதானா என்று தெரிய வேண்டும்.
அதே பெயரைச் சொல்லி
தொட்டிச் செடியைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு.
அதன் பூவில் மேலிதழ் இரண்டும் ஒரு சாயல்,
கீழிதழ் மூன்றும் வேறு சாயல்.
கண்ணாடி வீட்டில் ஏமாற்றிப் பூக்கவைத்த இதிலோ
ஐந்தும் ஒரே அளவு.

தில் பகதூர் பூவைப் பார்க்கவே இல்லை.
காய்ந்த காம்பொன்றைக் கிள்ளி
நகத்தில் வைத்துக் காட்டினான்:
நீண்டு, கூர்ந்து, கொக்கின் அலகு.
"அசல்" என்றான்.
அவன் மலையில் இதற்கொரு பங்காளி
பாதையோரம் மிதிபட்டே வளருமாம்.
மிதித்தவன் சொன்னால் நம்பலாம்.

வடக்குச் சுவர், மூன்று முழ நிழல்.
வேர்க்கட்டையைக் கத்தியால் பிளந்தோம்,
துண்டுக்கு இரண்டு முளை.
இலையைப் பாதிக்கு மேல் கழித்தோம்.
வேர் ஊன்றுமட்டும் தலைச்சுமை ஆகாது.
கழுத்து மண்ணுக்கு மேலே நிற்கட்டும் என்று
சூப்பர்வைசர் பிலிப்போஸ் மூன்று தரம் சொன்னார்.
மூன்று தரமும்
அது மேலேதான் நின்றுகொண்டிருந்தது.
நூற்றறுபது துண்டு. மாலைக்குள் முதுகு போனது.

மார்ச்சில் ஒரே ஒரு பூ.
டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து
மண்ணில் உட்கார்ந்தார்.
மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது,
எடுக்கவில்லை.

மே பதினொன்று, நாற்பத்தாறு டிகிரி.
இலையெல்லாம் அப்பளம்.
தொட்டால் பொடி.
ஏழு மட்டும் சாகவில்லை.
ஏனென்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது:
பின்படுக்கையறை ஏசியின் குழாய்
அங்கேதான் சொட்டுகிறது.

மீதி இடத்தில்
யாரும் நடாத வங்கராவச்சி.
எந்த லாரி மண்ணில் ஒளிந்து வந்ததோ!
தடித்த இலை, உப்பில் சிவந்த தண்டு,
கணுவுக்குக் கணு வேர்.
வெயில் ஏற ஏற அதற்குக் குஷி.
இதுவும் உங்களைப் போலத்தானே என்று
யாரும் எங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.
அதற்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கியில்லை.

பிலிப்போஸ் டேப்போடு வந்து அளந்தார்.
தரை மூடியது: தொண்ணூறு சதவீதம்.
எந்தச் செடி மூடியது என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
கையெழுத்துப் போட்டார், பேனாவைத் தேடி வாங்கிக்கொண்டார்,
போய்விட்டார்.

ஜூலையில் டாக்டர் குடும்பத்தோடு சலாலா கிளம்பினார்.
பெட்டிகள் ஏறின. கார்க் கதவு மூடி, மறுபடி திறந்தது.
"எல்லா ஏசியையும் அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்,
பின்னறை மட்டும் ஓடட்டும்."

ஆளில்லாத அறை
இரவும் பகலும் குளிர்ந்துகொண்டிருக்கிறது.
வெளியே, சுவரோரம்,
நிமிடத்துக்குப் பதினேழு சொட்டு.
குந்தியிருந்து எண்ணினேன்.