பாலங்களைக் கடக்கும் விதம்

ஆவியில் இலை வேகவைக்கும் மிஷினைச்
சரிசெய்ய வந்த ஹிசாகோ
வியாழக்கிழமையே கேட்டுவிட்டாள்:
இங்கே புத்தர் கோயில் உண்டா.
குன்னூரில் ஒன்று, ரயில்வே ஆட்கள் கட்டியது,
ஜீப்பில் முக்கால் மணி நேரம் என்றேன்.
ஜீப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்றது
அவள் போனுக்குள் இருந்த தமிழ்ப் பெண்குரல்.

ஞாயிறு காலை
பாய்லருக்கு அடுக்கிய கற்பூர மர விறகில்
தோள் உயரக் கழி ஒன்றை உருவி, பட்டை சீவி,
சாவிக்கொத்தில் தொங்கிய மணியை நுனியில் கட்டினாள்.
அவள் நாட்டுத் தீவொன்றில்
எண்பத்தெட்டுக் கோயில்களை நடந்தே சுற்றுவார்களாம்.
நாற்பத்தாறு நாள், இரண்டு ஜோடி ஷூ, ஒரு கால் நகம்
ஆயிற்றாம் அவளுக்கு.
பழனிக்கு ஒருமுறை நடந்தவன் நான்.
நகக் கணக்கு மட்டும் புரிந்தது.

கட்டபெட்டு தாண்டி முதல் பாலம்.
பாலம் என்றே சொல்ல முடியாது,
கேரட் கழுவிய தண்ணீர் போகிற குழாய்க்கு மேல்
நம்பர் போட்ட இரண்டு குட்டைச் சுவர்.
அதுவரை டக் டக்கென்று வந்த கழி ஊமையானது.
தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல
மார்போடு தூக்கிக்கொண்டு கடந்து
அந்தப் பக்கம் போய்த்தான் ஊன்றினாள்.
இரண்டாவதிலும். மூன்றாவதிலும்.

கேட்டேன்.
போன் கொஞ்சம் யோசித்துச் சொன்னது:
ஒரு துறவி. குளிர் ராத்திரி.
எந்த வீடும் கதவு திறக்கவில்லை.
பாலத்துக்கு அடியில் படுத்தார்.
இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம்.
எழுப்பக் கூடாது.

போனிடம் சொல்கிற விஷயமில்லை என்னுடையது.
ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி
மண்டபம் கேம்ப்பில் பெயர் பதிந்து
கோத்தகிரிக்கு லாரி ஏறிய அப்பாவும் அம்மாவும்
வேலைச்சீட்டு வரும்வரை
பதினோரு ராத்திரி படுத்தது
இதே ரோட்டில் ஒரு பாலத்தடியில்.
எதுவென்று அப்பா கடைசிவரை காட்டவில்லை.
எல்லாம் ஒரே மாதிரிதான்டா இருக்கும் என்பார்.
அட்டன் பக்கம் லயம் எரிந்த அன்று
முச்சந்திப் புத்தர் கண்ணை மூடியே இருந்தார் என்பாள் அம்மா.
குன்னூர்க் கோயிலை
நூறு தடவை கடந்திருக்கிறேன்,
செருப்பைக் கழற்றியதில்லை.

பூட்டியிருந்தது.
லோகோ ஷெட் டியூட்டி முடித்து
கை கிரீஸோடு சாவி கொண்டுவந்தாள் மாயாதேவி.
தகரக் கூரை. உடைந்த காதை
எம்-சீல் வைத்து ஒட்டிய புத்தர்.
தலைக்கு மேலே டியூப்லைட்
எரிவதா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது.
ஹிசாகோ மண்டியிட்டு என்னவோ முணுமுணுத்தாள்.
நான் வாசலில்.
எலக்ட்ரீஷியன் கண்ணுக்கு
அந்தத் துடிப்பு எத்தனை நேரம் தாங்கும்?
ஸ்டார்ட்டர் போயிருக்கு என்றேன்.
மூணு மாசமா என்றாள் மாயாதேவி.
எதிர்க்கடையில் ஒன்று வாங்கி வந்து
ஸ்டூல் இருக்கா என்று கேட்டேன்.

அப்படித்தான் உள்ளே போனேன்.
மேலே நின்று பார்த்தால்
அவர் கொண்டையெல்லாம் தூசி.
வெளிச்சம் நின்று எரிந்தது.
இறங்குகையில் ஸ்டூல் ஆடியது,
கை வைக்க வேறு இடமில்லை,
அவர் தோளில் ஊன்றித்தான் இறங்கினேன்.

மடிப்புப் புத்தகத்தை விரித்தாள் ஹிசாகோ.
தாளுக்கொரு கோயில், சிவப்பு முத்திரை.
கடைசியில் ஒரு வெற்றுத்தாள்.
மாயாதேவியிடம் சங்கத்து ரசீது ஸ்டாம்ப்தான் இருந்தது.
காய்ந்த மையில் தண்ணீர் சொட்டி அழுத்தினாள்.
'சந்தா பெறப்பட்டது.' பாதி எழுத்து விழவில்லை.
அர்த்தத்தை போன் சொன்னதும்
ஹிசாகோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆறரை பஸ்.
கழி அவள் மடியில், மணி அவள் உள்ளங்கையில்.
மஞ்சு இறங்கி, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.
டயர் சத்தம் மாறினால் பாலம்.
முதல் தடவை மாறியபோது
இரண்டு காலையும் தூக்கிக்கொண்டேன்.
கால்ல என்னண்ணே என்றார் கண்டக்டர்.
ஒண்ணுமில்ல என்று இறக்கப் போனேன்,
அதற்குள் அடுத்தது.