மூச்சைப் பிடிக்காதீங்க

ஆட்டோக்காரர்தான் முதலில் கேட்டார்:
"உள்ள யாரும்மா?"
ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரப் பெட்டியோடு நின்றால்
வேலூரில் வேறென்ன கேட்பார்கள்.
செல்லோ என்றேன்.
எந்த வார்டு என்றார்.

ஊருக்குத் திரும்பிய டென்மார்க் டாக்டர்
பிரிட்ஜோடு சேர்த்து விற்றது.
பிரிட்ஜ் ஓடவில்லை.

பெரிய வயலினா என்று கேட்டவர்கள் இதுவரை பதினொரு பேர்.
வயலின் தோளில் ஏறிக்கொள்ளும்.
இது இடுப்பில் ஏற வெட்கப்படும் வயதுப் பிள்ளை,
முழங்கால்களுக்கு நடுவே நின்று
தலையை மட்டும் என் காதோரம் சாய்க்கிறது.

என் கேள்விகள் வேறு. நோட்டில் எழுதிக்கொண்டு
பாகாயத்துக்கு பஸ் ஏறினேன்.
எப்சிபாவுக்கு இருபத்தாறு வயது.
ஸ்கூட்டி சாவியைப் பல்லில் கடித்தபடி
கம்பி முறுக்குவாள்.

நாற்பத்தாறு வயசுல வருமா?
"இடது கை நகத்தை ஒட்ட வெட்டிட்டு வாங்க."

விரலை எங்க வைக்கிறது, கோடே இல்லையே?
"ஆமா, இல்ல."
டியூட்டி முடிந்ததும் மைக்ரோபோர் டேப்பை மெல்லிசாகக் கிழித்து
நான்கு இடத்தில் ஒட்டினேன்.
ஊசி நழுவாமல் கைகளைப் பிடித்திருக்கும் டேப்
என் ஸ்ருதியைப் பிடித்து வைக்கவில்லை.

அடிக்கம்பி மொசைக்கில் வழுக்குதே?
"பழைய செருப்பு இருக்கா?"
இருந்தது. ஜோடி தொலைந்த ஒன்று.
அதன் குதிகால் பள்ளத்தில்தான் இன்றுவரை ஊன்றி நிற்கிறது.

மே மாதம். நூற்றெட்டு டிகிரி.
காலையில் பெட்டியைத் திறந்தால் நாலு கம்பியும்
பாவாடை நாடா மாதிரித் தொங்கின.
துளைபோட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைக்கச் சொன்னாள்.
பாலாற்றுக்கே கிடைக்காததை
ஒரு மரத்துக்கு வைத்து மூடினேன்.

விரல் எரிச்சல் எப்போது நிற்கும் என்று நான் கேட்கவில்லை.
வருகைப் பதிவு மிஷின் கேட்டது.
இடது ஆள்காட்டி விரலை மூன்று நாளாக
யாரென்று தெரியவில்லையாம்.

ஒரு சுரம் மட்டும் உறுமியது.
"அதுக்கு ஓநாய்னு பேரு.
எல்லா செல்லோவுக்குள்ளயும் எங்கயாவது படுத்திருக்கும்.
முழங்காலால லேசா அழுத்துங்க."
அழுத்தினேன். அடங்கியது.
போய்விட்டதாகச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் கேட்டேன், ஒன்றைக் கேட்கவில்லை:
இழுக்க இழுக்க, பாதி வில்லில்
சத்தம் ஏன் செத்துப்போகிறது.
அவள் வில்லைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தாள்.
"அக்கா, மூச்சைப் பிடிக்காதீங்க."

இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில்
இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
தமிழில், தெலுங்கில், உருதுவில்,
ஹவுராவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்களுக்கு
அவர்கள் வங்காளத்தில்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
ஒவ்வொரு முறையும் நானும் பிடித்திருக்கிறேன் போல.
விடுங்க என்று சொல்ல
அவர்களுக்கு மறந்ததேயில்லை.

கீழ்வீட்டு வஜ்ரவேலுவுக்கு
நான் ஜி கம்பியை இழுத்தால் தண்ணீர் மோட்டார்.
தூக்கத்திலிருந்து எழுந்துவந்து
சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார்.
இரண்டு நாள் குளிக்கத் தண்ணீரில்லை.
அவரையும் குறை சொல்ல முடியாது.
எப்சிபா காதுகொடுத்துக் கேட்டுச் சொன்னாள்,
மோட்டார் ஒரு நூல்தான் மேலே.

நேற்று ராத்திரி அந்த ஒரே கம்பி.
இழுத்தேன். விட்டேன்.
நுனிவரை போனது, சாகவில்லை,
திரும்பியும் வந்தது.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
எங்கோ மழை என்று நினைத்தேன்,
மே மாதம் என்பதே நினைவில்லை.

டேங்க் நிரம்பி, சுவர் நனைந்து,
தெருமுனை வரைக்கும் ஓடியிருக்கிறது.

"நீதான்னு நெனச்சுப் படுத்துட்டேம்மா"
என்றார் காலையில்,
துடைப்பத்தோடு.