மூன்று இரவு உதைக்கிறது

ஏப்ரல் பதின்மூன்று. டுலூத்தில் இன்னும் பனி.
ஏரியோரம் உடைந்த கட்டிகள்
ஒன்றோடொன்று உரசுவது சமையலறை வரை கேட்கிறது.
மேசையில் ஒரு ஷூ டப்பா.
அதற்குள் போன வருடம்.

இந்த முறை காசு கொடுத்து யாரிடமும் போடவில்லை.
நானே போடுகிறேன்.
பள்ளிப் பேருந்தை வளைக்கிற கைக்கு
ஒரு பென்சில் கனமா என்ன?

கனம்தான்.

தேவாலயக் குலுக்கலில் விழுந்த பனி தள்ளும் இயந்திரம்
வருமானமா?
வருமானமாம், கடை விலைக்கு.
டிசம்பரில் விழுந்தது ஜனவரியில் படுத்துவிட்டதே என்றால்
எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை.
சனிக்கிழமைக் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசித்து
உறையில் வாங்கிய நாற்பதும் அறுபதும்?
அதுவும்தான்.
எல்டன் விட்டுப்போன பூட்ஸைத் தர்மக் கடையில் போட்டேனே,
கழிக்கலாமா?
நிலையான கழிவு அதைவிடப் பெரிது,
பேசாமல் அதை எடுத்துக்கொள்.

பிறகு அந்தக் கேள்வி.
பிள்ளை உங்களைச் சார்ந்தவரா?
பெற்றோர் பிரிந்திருந்தால்
வருடத்தில் அதிக இரவுகள் யாரிடம் உறங்கினார்?

பகல்களைக் கேட்கவில்லை.
பல் கம்பிக்கு யார் கட்டியது, யார் கத்தியது,
கணக்குப் பாடத்தில் தோற்றபோது யார் போய் நின்றது,
எதுவும் வேண்டாமாம்.
இரவுகள் மட்டும்.

இன்னும் கழற்றாத பழைய காலண்டரை இறக்கினேன்.
ஒரு வாரம் இங்கே,
ஒரு வாரம் பாலத்துக்கு அப்பால், அவன் அப்பா வீட்டில்.
நடுவே நுரையீரலில் நீர் கட்டி
கோல்பி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது இரவு?
குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது:
நோயால் வெளியே இருந்தால் வீட்டில் இருந்ததாகவே கொள்க.
மறுபடி வாசித்தேன்.
வரித்துறையில் யாரோ ஒருத்தி
பிளாஸ்டிக் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள்.
இல்லாவிட்டால் இப்படி ஒரு வரி வந்திருக்காது.

ஒன்பது எனக்கு, பத்து எல்டனுக்கு.
கூட்டினேன். நூற்று எண்பத்தொன்று.

பதினோரு மணிக்கு எல்டனை அழைத்தேன்.
அவனும் காலண்டரும் பென்சிலுமாகத்தான் இருந்தான்.
"எனக்கும் நூத்தி எண்பத்தொண்ணு."
சமமாக வந்தால் வருமானம் கூடியவருக்காம்.
அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
ஆனால் இரண்டையும் சேர்த்தால் முன்னூற்று அறுபத்திரண்டு.
கணக்கு உதைத்தது.

நவம்பர் பதினான்கு, பதினைந்து, பதினாறு.
"உங்கிட்டன்னு நெனச்சேன்" என்றான்.
நானும் அப்படித்தான்.
நாங்கள் பேசிக்கொள்ளாத மாதம் அது.
வெளியே கட்டிகள் உரசின.
ரொம்ப நேரம் யாரும் போனை வைக்கவில்லை.

காலையில் கோல்பி கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தான்.
பதினேழு வயது. ஸ்வெட்டரைத் தாண்டி வளர்ந்த மணிக்கட்டு.
கேட்டேன்.
நிமிரவில்லை.
"நாப்பத்தொண்ணுல" என்றான்.

நாற்பத்தொன்று என் பேருந்து.
இரவெல்லாம் கொட்டடியில் நிற்கும்,
எஞ்சின் உறையாமல் மின்சூடு செருகியிருக்கும்.
"கடைசி சீட்டு. ஒன் பழைய கோட்டு அங்கதான கெடக்கும்.
நீ நாலே முக்காலுக்கு வருவ.
அதுக்கு முன்னாடி எறங்கிடுவேன்."

அது வீடாகுமா?
வண்டி பள்ளிக் குழுவின் சொத்து.
வேறொரு பக்கத்தில், வேறு எதற்கோ எழுதியிருந்தது:
படகும் வீடாகலாம்,
படுக்க இடமும் சமைக்க இடமும் கழிப்பறையும் இருந்தால்.
மூன்றில் ஒன்று இருந்தது.

ஓரத்தில் நூற்று எண்பத்து நான்கு என்று எழுதினேன்.
அழுத்தியதில் முனை உடைந்தது.

ஆதாரம் எதையும் இணைக்க வேண்டாமாம்,
கேட்டால் காட்ட வைத்திருந்தால் போதுமாம்.

நவம்பர் பதினேழு, காலை.
கடைசி இருக்கைக்கு அடியில் சூரியகாந்தி விதைத் தோல்.
மைக்கை எடுத்து எல்லாப் பிள்ளைகளையும் திட்டினேன்.
பிறகு துடைப்பத்தை எடுத்து
நானே பெருக்கித் தள்ளினேன்.