வெற்று எடை

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
படிச்சுவரில் பெயர்ப்பலகைகள் பதினொன்று:
கருவாட்டு ஏற்றுமதி, சூரியத் தகடு, கல்யாண மண்டபம்,
கடைசியில், போன ஆவணியில் ஆணி அடித்தது,
நீலவான் ஹோல்டிங்ஸ் பிரைவேட் லிமிட்டெட்.
பதினொன்றுக்கும் ஒரே மேசை, ஒரே மின்விசிறி.
செயலாளர் நான்.

நீலவானுக்கு மட்டும் இயக்குநரும் நான்.
நூறு பங்கில் ஒன்று என் பேரில்.
மிச்சம் தொண்ணூற்றொன்பதும் ஒரு தீவுக் கம்பனிக்கு.
அந்தக் கம்பனி இன்னொரு தீவிலுள்ள அறக்கட்டளைக்கு.
அதற்கும் மேலே ஏறிப் போனால்
ஒஸ்லோவில் வாசல் பனி வழித்தபடி நிற்பார் அருட்குமரன்.
"உண்மையில எனக்கு ஒண்டும் சொந்தமில்லைத் தங்கச்சி."
காவி கட்டாத குறை.

நாலு இருக்கை, ஒரு எஞ்சின்.
செக் நாட்டில் ஒரு புல்தரையில் நிற்கிறது.
சுங்க அட்டவணையில் அதற்கான இடத்தைத் தேடினேன்:
வெற்று எடை இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்படாதவை.
விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தேன்.

எனக்குத் தெரிந்த அட்டவணை வேறு.
சகடை என்றால் தட்டை மூடிவைத்துவிட்டுப் போகலாம்.
பொம்மர் என்றால் தட்டோடு ஓட வேண்டும்.
கிபிர், சத்தம் வந்து சேர்கையில் அது போயிருக்கும்.
எட்டு வயதில், பங்கருக்குள், கண்ணை மூடிக்கொண்டே
பிழையில்லாமல் வகை பிரிப்பேன்.
எடையை எவரும் கேட்டதில்லை.

சுங்கத்தில் கேட்டார்கள்: விலை, காப்புறுதி, கப்பல் கூலி.
கப்பலில் இல்லை, தானே பறந்து வருகிறது என்றேன்.
"அப்ப ஏத்துக்கூலி எவ்வளவு?"
தன்னைத் தானே சுமந்து வருகிறதே ஐயா.
"நீங்கள் போடாட்டி நாங்கள் ஒரு கூலி போடுவம் மிஸ்."
விலைக்கு வரி, வராத கப்பலின் கூலிக்கு வரி,
அந்த வரிகளையும் கூட்டி அவற்றின் தலையில் ஒரு வரி.
பொதிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
அடையாளக் குறிகள்: இரண்டு இறக்கை.
பிறகு அதை வெட்டிவிட்டேன்.

கொழும்பு வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார்.
செக் மண்ணில் கைமாறினால் அங்கத்தைய வரி.
இறங்கிய இடத்தில் கைமாறினால் இறங்கிய இடத்து வரி.
எவருடையதுமல்லாத கடலுக்கு மேலே பறக்கையில்
கையெழுத்து விழ வேண்டும்.
எங்கள் கடலில் கோடு தாண்டினால் வள்ளத்தைப் பறிப்பார்கள்.
அந்தக் கடலில் தாண்டினால் கழிவு.

மார்கழி மழை. விடியப்புறம் மூன்று பத்து.
இயக்குநர் சபைக் கூட்டம்: அழைத்தது நான், வந்தது நான்,
தலைமையும் முன்மொழிவும் நான்.
வழிமொழிய ஆளில்லை, சட்டம் கேட்கவுமில்லை.
கூரையில் ஓடிய எலி வருகைப் பதிவில் இல்லை.
ஓமானுக்குக் கிழக்கே எங்கோ இருந்து
விமானி ஒரு சொல் அனுப்பினான்: இப்ப.
பேனை எழுதவில்லை. உதறினேன். எழுதியது.

நூறில் ஒன்று.
எதுவென்று பிரித்துத் தரச் சொன்னால்?
ஒரு கதவின் பிடி, இருக்கைப் பட்டியின் கொளுக்கி,
அரைப் போத்தல் எண்ணெய்.
வானத்தில் பங்கில்லை, அதை வேறாக எழுதியிருந்தார்கள்.

பிறகு இரத்மலானையில் ஏழு கிழமை தடுத்து வைத்தார்கள்.
பிணைப்பணம், மதிப்பீடு, மறு மதிப்பீடு.
கறுத்தக் கொழும்பான் பூத்த நேரம்
பற்றுச்சீட்டு வந்தது. கோப்பில் போட்டேன்.

பங்குனி, செவ்வாய், மத்தியானம்.
கருவாட்டுக் கம்பனியின் வருடாந்த அறிக்கை முன்னால் கிடக்க
ஒரு சத்தம்.
சகடை இல்லை. பொம்மரும் இல்லை.
என் அட்டவணையில் இல்லாத மெல்லிய இரைச்சல்,
தாழ்வாக, வடக்குப் பக்கம்.
கீழே நகைக்கடைப் பெடியள் தெருவுக்கு ஓடி அண்ணாந்தார்கள்.
நான் மேசைக்கடியில்,
முழங்காலில் கம்பளத் தூசி, கையில் முத்திரைக் கட்டை.

தொலைபேசி மேலே இருந்து அதிர்ந்தது.
கையை மட்டும் நீட்டி எடுத்தேன். அருட்குமரன்.
"பலாலியில இறங்கியாச்சு. பாத்தனீங்களோ?"

கேட்டனான், என்று எழுதி அனுப்பினேன்.