இடமா, வலமா

சிலோயே தீவில் நிலம் வாங்கியபோது
அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் யார் யார் என்று
எவரும் சொல்லவில்லை.
பத்திரத்தில் நான்கு எல்லை மட்டும்.
வடக்கே உல்தாரிகோவின் உருளைக்கிழங்கு வயல்,
கிழக்கே ஓடை,
மற்ற இரண்டு பக்கமும் மழை.

சாந்தியாகோவிலிருந்து நகரத்துக் காலணியோடு வந்து
சேற்றில் ஒன்றை இழந்தாள்
கட்டடக் கலைஞர் மைத்தே உர்ரெஹோலா.
மூன்று அர்ராயான் மரங்களையும்
கட்டிப்பிடித்தே சுற்றளவு எடுத்தாள்.
பட்டை நிறத் தண்டு, தொட்டால் சில்லென்றிருக்கும்.
"இவை நிற்கட்டும், வீடு வளையட்டும்."
வளைந்தது வீடு,
மேசையில் ஊன்றிய முழங்கைபோல.

மண்ணைத் தோண்டவும் அவளுக்கு மனமில்லை.
நாற்பத்தொரு மரக்கால்கள் மேல் தளம்.
அடியில் பெரணியும் மூங்கில் புதரும்
இருந்தது இருந்தபடி.
மேற்கே சுவரே கிடையாது, முழுக்கக் கண்ணாடி.
வேலியில் சாய்ந்தபடி உல்தாரிகோ கேட்டார்:
"காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நாங்கள் கட்டுவோம்.
நீ முகத்தைக் காட்டுகிறாய்.
ஏதும் கடன் பாக்கியா அதனிடம்?"

தச்சர் எலியூத்தேரியோ நவெல்கீனுக்குக்
காற்று ஒரு பொருட்டில்லை.
சுக்காவ் பறவைதான் அவருக்குச் சிக்கல்.
கைக்குள் அடங்கும் உடம்பு,
செந்தொண்டை, நிமிர்ந்த வால்,
பறப்பதைவிட நடப்பதில் பிரியம்.
வலப்பக்கம் கூவினால் வேலை தொடங்கலாம்.
இடப்பக்கம் கூவினால் சுத்தியலைப் பெட்டியில் வை.
புள் நிமித்தம் பார்த்தே
பதினொரு நாள் கூலி போயிற்று எனக்கு.

மைத்தே தொலைபேசியில் கத்தினாள்.
அவர் குரலை உயர்த்தவில்லை:
"அம்மணி, சமையலறையில் நின்றால் அது இடம்.
படுக்கையறைக்குப் போனால் அதே குரல் வலம்.
வீட்டை வளைத்தது நீங்கள்.
நான் எங்கே நின்று கேட்பது?"

மறுநாளிலிருந்து
விடிந்ததும் நேரே படுக்கையறை மூலைக்குப் போய் நின்றார்.
கூரை மளமளவென்று ஏறியது.

முதல் குளிர்காலம்.
விறகு இரண்டு மடங்கு.
கண்ணாடி முழுக்க ஆவி,
துடைத்தால் பெரணி,
துடைக்காவிட்டால் பச்சையாய் ஏதோ.
பத்திரிகைக்குப் படம் பிடிக்க வந்தவர்கள்
இயற்கையோடு இணைந்த வீடு என்று வியந்துவிட்டு
அடுப்பருகே காய்ந்த என் காலுறைகளை
ஒளித்து வைக்கச் சொன்னார்கள்.
அவை எதில் நனைந்தன என்று கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு விடியல்.
காஸ்த்ரோ மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்தேன்.
ஏழாம் படுக்கையை நானே விரிப்பு மாற்றிக்
காலியாக விட்டு வந்திருந்தேன்.
விளக்குப் போடவில்லை. சப்பாத்துகூடக் கழற்றவில்லை.
அப்போது கூவிற்று,
இடத்திலிருந்து இல்லை, வலத்திலிருந்தும் இல்லை,
என் உள்ளங்காலுக்கு நேர் கீழே.
பலகை அதிர்ந்தது.
மரங்கொத்தியைவிட உரத்த தொண்டை
அந்தக் கைப்பிடி உடம்புக்கு.

எலியூத்தேரியோவை எழுப்பிக் கேட்டேன்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"நேர் கீழேயா?"
"நேர் கீழே."
"அதற்கு எங்களிடம் பலன் இல்லை.
எங்கள் முன்னோர் யாரும்
பறவைக்கு மேலே வீடு கட்டியதில்லை."
பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு:
"அடுப்புப் பக்கம் பலகையில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள்.
சூடு கீழே இறங்குகிறதோ என்னவோ."

இருந்தது.
நூறு பேசோ நாணயம் செங்குத்தாய் நுழையும்.
உள்ளே கண் வைத்தேன்.
இருட்டு, இலை மக்கிய வாசனை,
ஏதோ ஒன்று ஒதுங்கிக்கொண்டது.

"எப்போது வந்து அடைப்பீர்கள்?"

"வலப்பக்கம் கூவட்டும்,
வருகிறேன்."