எழுபத்திரண்டில் முதலாவது

ஷட்டரை முக்கால்வாசி இறக்கியபின்
எனக்கு இருபத்தைந்து நிமிடம் உண்டு,
தேவகோட்டை பஸ் வரும்வரை.

பர்மாத் தேக்குக் கதவுகள் எட்டு
எந்த வீட்டுக்கும் திறக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும்.
எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி,
ஆளுக்கொரு நேரம் சொல்லும் கடிகாரம் பதினொன்று.
இவற்றுக்கெல்லாம் பின்னால்
பினாங்கிலிருந்து கப்பலில் வந்ததாக
வயிரவன் அண்ணன் வருகிறவர்களிடம் சொல்லும் பியானோ.
(கணக்கில் ஏற்றியவள் நான்:
கொடைக்கானல் பள்ளிக்கூடம், ஏலம், மூன்றாம் தரம்.)

ஞாயிறு கோவிலில் கீபோர்டு வாசிக்கிற கை இது.
வெள்ளைக் கட்டைகளிலேயே நடந்து பழகியது.
கனகாங்கியை வாசி என்று யாரும் கேட்கவில்லை.
எழுபத்திரண்டு மேளத்தின் பட்டியல் போனில் வந்தது,
முதலில் இருந்ததால் எடுத்தேன்.
முதலாவது என்றால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தது
என் கணக்குப்பிள்ளை புத்தி.

ச. ஒட்டினாற்போல் ரி. அதை ஒட்டி க.
இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர்
முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.
அப்புறம் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை
ஆளில்லாமல் காலி.
அதைத் தாண்டித்தான் ம.
மூன்றாம் விரலுக்கு அடியில் கட்டைவிரல்
குனிந்து நுழைந்து நிமிரும்போது
அங்கே இருக்க வேண்டும். இருப்பதில்லை.
பத்தில் ஆறு முறை
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு
அசடு வழியத் திரும்புகிறது.

மற்ற ராகங்கள் ரி என்று கூப்பிடும் கட்டைக்கு
இங்கே பெயர் க.
சுவீகாரம் போன பிள்ளைக்கு
ஒரே நாளில் இனிஷியல் மாறுகிற மாதிரி.
விரலுக்குப் புரிந்துவிட்டது.
காதுதான் இன்னும் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது.

மேலே ப, த, நி. அதே நெரிசல், அதே காலி.
இறங்கும்போது வேறு வம்பு:
சுண்டுவிரலை மேல் ச-வில் விட்டுவிட்டு
மோதிரவிரல் நி-யைத் தேடி நீளுகிறது.
எதிர்க்கடை டீ மாஸ்டர் ராயப்பன்
எலி ஓடுகிறது என்றே நினைத்தாராம், ஒரு மாதம்.

ஆடியில் ஒரு வியாழக்கிழமை
பாண்டிச்சேரி ஹோட்டல்காரர் ஒருவர் வந்தார்.
வரவேற்பறைக்குப் பியானோ வேண்டுமாம்,
வாசிக்க அல்ல, நிற்க.
ஆனாலும் ஒருமுறை கேட்டுவிடுகிறேன் என்றார்.
"சகாயம், எதாச்சும் வாசி ஆத்தா" என்றார் அண்ணன்.

எதை வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம்.
திருவிருந்துப் பாட்டு நாலைந்து கைவசம் இருந்தன.
ச ரி க என்று மெல்ல ஏறி
ம-வில் சரியாக இறங்கினேன், முதல்முறையாக,
பிசகே இல்லாமல் மேல் ச வரை.

அவர் முகம் புளியங்காயைக் கடித்தது.
"சுருதி போயிருக்கே."
அண்ணன் என்னைப் பார்த்தார்.
நான் விலைச்சீட்டைப் பார்த்தேன்.
பொய் ஒன்றும் சொல்லவில்லை,
ஏழு சுரமும் அதனதன் இடத்தில்தான் இருந்தன.
வாயைத் திறக்கவும் இல்லை.

ஒரு லட்சத்து இருபது, தொண்ணூறாயிற்று.
என் சம்பளத்தில் ஒன்பது மாதம், சாப்பிடாமல் இருந்தால்.
கூட்டிப் பார்ப்பேன். வேலையே அதுதானே.

இன்றைக்குக் கரண்ட் போய்விட்டது.
ஷட்டருக்கு அடியில் தெருவிளக்கும் இல்லை.
கட்டைவிரல் குனிந்து நுழைந்து
காலி இடத்தில், இந்தக் கூட்டத்தில் சேராத
வெள்ளையில் போய் விழுந்தது.
எடுக்கவில்லை. அழுத்தியபடியே இருந்தேன்.
பதினொரு கடிகாரத்துக்கு நடுவே
அது பாட்டுக்கு ஒலித்து அடங்கியது.

முக்கில் பஸ் திரும்புகிற சத்தம்.
இன்னும் ஒரு தரம்.