நாற்பத்தாறு

கடிதம் வியாழக்கிழமை வந்தது.
லேக்சைட் டிரைவ், அல்பேர்ட் பார்க்.
அனுமதித்த வேகம் நாற்பது.
ஓடிய வேகம் நாற்பத்தாறு.
படத்தில் என் காரின் பின்புறம்;
இலக்கத்தகட்டுக்கு மேலே
மூன்று வாரமாய்க் கழுவாமல் விட்ட புழுதி.

அந்தப் புழுதியை எனக்குத் தெரியும்.
பாதி மண், பாதி ரப்பர்.
வளைவுகளில் வழித்தெறியப்பட்டு
ஓரத்தில் ஆட்டுப் புழுக்கை போலக் குவிந்து கிடக்கும்.
சப்பாத்தில் ஒட்டி வீட்டுப் படிவரை வரும்.
கம்பளத்தில் இருந்து கிள்ளியெடுத்து
மகன் தீப்பெட்டியில் சேர்க்கிறான்.
எது எந்தக் காருடையது என்று
முகர்ந்தே சொல்வானாம்.

கோடையில் தொடங்குவோம்.
ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீற்றர், கொஞ்சம் கூட.
ஒவ்வொரு கல்லும் நாலு தொன்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இலக்கம்.
பாரந்தூக்கியில் நான், கீழே செமிசி:
இப்படி, இன்னும் இப்படி, போதும்.
இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு விரல் நுழைந்தால்
தலையை ஆட்டுவான்.
மறுபடி தூக்கு.
தொங்கா மொழியில் அவன் திட்டுவது
எனக்குச் சுத்த யாழ்ப்பாணத் தமிழாய்க் கேட்கும்.

றோட்டில் தடுப்பு வைக்கிற வேலையை
முதலில் நான் பார்த்தது வேறு இடத்தில்.
தார்ப் பீப்பாய், மண்மூட்டை,
வண்டி ஊர்ந்து வரவேண்டும் என்று
வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள்.
விளக்கை அணை. இறங்கி நட. அடையாள அட்டை.
இங்கேயும் வளைவுதான், தடுப்புத்தான்.
ஆனால் ஓடுகிறவன் உயிரோடு இறங்கவேண்டும் என்று
யாரோ இரவிரவாய்க் கணக்குப் பார்த்து
பழைய ரயர்களை ஆறு ஆறாய்ப் பூட்டச் சொல்லியிருக்கிறார்.
முதல் வருடம் அந்த வரைபடத்தைக் கையில் வைத்தபடி
மதியச் சாப்பாட்டை மறந்து நின்றேன்.

ஏரியில் அன்னங்கள் கறுப்பு.
பாலையும் நீரையும் பிரிக்கிற உத்தியோகம்
இவற்றுக்குக் கிடையாது.
பயிற்சி நாளின் முதல் உறுமலுக்கு
ஒன்று மட்டும் கழுத்தை நிமிர்த்தியது.
மெல்பேர்ணில் பாதிப்பேர் காதைப் பொத்த
மற்றவை பாசியில் தலையைப் புதைத்திருந்தன.

ஓட்ட நாளில் எங்களுக்கு ஓட்டம் தெரியாது.
வேலிக்குப் பின்னால், வண்டி இயக்கத்தில்,
கூப்பிட்டால் போகவேண்டும்.
சத்தம் வரும், நெஞ்சுக்கூட்டைத் தட்டும், போகும்.
அடுத்த சத்தம் வரும்.
இருபத்தெட்டாவது சுற்றில்
ஒரு சத்தம் வந்தது, போகவில்லை.

நீலக் கார்.
ஒரு சக்கரம் கம்பியில் தொங்கியது.
அறுநூற்றுப் பன்னிரண்டாம் கல்
ஒரு சாண் பின்வாங்கி நின்றது.
அது ஒரு சாண்தான் போகலாம்,
வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.
தலைக்கவசம் அசைந்தது.
அவன் எழும்பினான், தள்ளாடினான்,
கல்லின் மேல் உள்ளங்கையை ஊன்றி
இந்தப் பக்கம் குதித்தான்.
என்னைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும்?
கை பட்ட இடத்தில் கையுறையின் ஈரம்
வெயிலில் சுருங்கிச் சுருங்கிக் காய்ந்தது.
நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
வானொலியில் இரண்டுதரம் கூப்பிட்டார்களாம்.

பிறகு எல்லாவற்றையும் பிரித்தோம்.
பாலம், வேலி, இருக்கை, கொடிக்கம்பம்.
612ஐ நானே தூக்கி லொறியில் வைத்தேன்,
நீலக் கீறல் மேலே தெரியும்படி.
கடைசி நாள் செமிசி
நாற்பது என்று எழுதிய பலகையைப் பழைய தூணில் பூட்டினான்.
ஏணியைப் பிடித்தவள் நான்.

அன்று மாலை அதே வழியால் வீட்டுக்கு.
முந்நூறைத் தாண்டி அவர்கள் பறந்த நேர்ப்பாதையில்
நாய்களை நடத்திப் போனார்கள்,
ஒருத்தி தள்ளுவண்டியோடு.
தடுப்பில்லாத றோட்டு
பல்லுக் கழற்றிய வாய்போல இருந்தது.
கால் எப்போது அழுத்தியது
என்று எனக்கு நினைவில்லை.

எதிர்த்து எழுத ஒரு படிவமும் இருக்கிறது.
காரணம் என்ற இடத்தில் நாலு வரி.
எழுதவில்லை.

மகன் கடிதத்தை வெட்டி
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டான்,
46 நடுவில் வரும்படி.
காசு கட்டவேண்டிய கடைசித் தேதி
வெட்டி எறிந்த துண்டில் போய்விட்டது.